ஆண்டவர் வாயில் கம்பி

சிவப்பு ரப்பர் கைப்பிடி போட்ட ஒரு நோஸ் பிளையர். மூக்கு மட்டும் கொக்குக்கு இருப்பதுபோல் நீளமாக, நுனியில் ஒல்லியாக இருக்கும். அதை வெந்நீரில் முக்கியெடுத்து, டெட்டால் ஊற்றிக் கழுவி, அவ்வளவு சுத்தமும் பண்ணிய பிறகு தன் லுங்கி நுனியிலேயே துடைத்து, என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு சித்தப்பா சொன்னார்: “பயப்படாதடா. கம்பிதானே. ரெண்டு நிமிஷ வேலை.” நான் உட்கார்ந்திருந்தது இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லும் பிலாத்துவின் சிம்மாசனத்தில். கல்யாண மண்டபத்திலிருந்து இரவல் வாங்கி வந்த, சிவப்பு வெல்வெட் தைத்த மாப்பிள்ளை நாற்காலி அது. எங்கள் கோயில் பங்கு மன்றத்துக்குப் பின்னால், நாடகச் சாமான்கள் போட்டுவைக்கும் அறை. சுவரில் சாய்த்து வைத்த பெரிய சிலுவை, மூலையில் ரோமைப் படைவீரர்களின் அட்டைக் கேடயங்கள், கொடியில் தொங்கும் அங்கிகள், நடுவில் நான், அந்த வருடத்து இயேசு கிறிஸ்து, வாயைத் திறந்துகொண்டு.

இந்தக் கூத்து உங்களுக்கு விளங்க வேண்டுமானால் சித்தப்பாவைச் சொல்லியாக வேண்டும். அப்பாவின் தம்பி. அப்பா மஸ்கட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்ததால், கடலூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஆண் துணை என்றால் அது சித்தப்பாதான். தொழில் எலக்ட்ரீஷியன். மோட்டார், மிக்ஸி, மின்விசிறி, வீட்டு ஒயரிங் என்று எது வந்தாலும் ‘முடியாது’ என்று அவர் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. ஆனால் தவக்காலம் பிறந்துவிட்டால் ஆள் மாறிவிடுவார். பெரிய வெள்ளிக்கிழமை மாலையில் எங்கள் பங்கில் பாஸ்கா போடுவோம். இயேசுவின் பாடுகளையும் சாவையும் பங்கு மக்களே நடித்துக் காட்டுகிற நாடகம். அதற்கு இயக்குநர், மேடை அமைப்பு, லைட்டு, சவுண்டு எல்லாமே சித்தப்பா. மற்ற மாதங்களில் யார் வீட்டு ஃபேன் நின்றாலும் ஓடுகிறவர், அந்த நாற்பது நாளும் போனையே எடுக்க மாட்டார்.

நாடகத்தில் அவருக்கு இருந்த கெடுபிடியைச் சொல்லி மாளாது. முன்பு ஒரு வருடம் இயேசுவைச் சாட்டையால் அடிக்கிற படைவீரன் கைக்கடிகாரத்தைக் கழற்ற மறந்து மேடையேறிவிட்டான். கையை ஓங்கும்போதெல்லாம் கடிகாரம் மின்ன, அழ வந்த கூட்டம் சிரித்துவிட்டது. அன்று நாடகம் முடிந்ததும் சித்தப்பா நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். அதிலிருந்து மேடையேறும் ஒவ்வொருவர் மணிக்கட்டையும் விரலையும் காலையும் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார். முள்முடிகூட அவர் செய்வதுதான். கட்டுக் கம்பியை முறுக்கி, முள் முள்ளாக நறுக்கி, நெற்றியில் படுகிற பக்கம் மட்டும் இன்சுலேஷன் டேப் சுற்றி, மேலே காவி பூசிவிடுவார். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அசல் முள்தான். கம்பி என்றால் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நம்பிக்கை அவருக்கு அங்கேயிருந்து வந்ததுதான்.

நான் இயேசுவானது ஒரு விபத்து. எங்கள் பங்கில் இயேசு வேடம் போடுகிறவர் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து கறி மீன் தொட மாட்டார், பாயில்தான் படுப்பார், முடி வெட்ட மாட்டார். வருடா வருடம் போடுகிற அண்ணனுக்குக் குருத்து ஞாயிறுக்கு முந்தைய வாரம் அம்மை போட்டுவிட்டது. நான் அப்போது சிதம்பரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். நாடகத்தில் சீடர் யோவான் வேடம். யோவானுக்கும் முடி வளர்க்க வேண்டும், கூடவே தாடியும் கொஞ்சம் இருந்தது. எல்லோர் வசனமும் எனக்கு மனப்பாடம். “இவனையே போட்டுடலாம்” என்று சித்தப்பா சொன்னதும் முடிந்துவிட்டது. மறுநாள் காலையிலிருந்து என் அம்மா என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். ஆண்டவர் வேடம் போடுகிறவனைத் திட்டக் கூடாதாம். குளித்த துண்டைக் கட்டிலில் போட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துப்போய்க் காயப் போட்டாள். ஈஸ்டர் வரைக்கும் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

எல்லாம் சரி, வாயில் கம்பி இருந்ததை அந்த அவசரத்தில் யாரும் யோசிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வெள்ளிக் கடற்கரையில் கிரிக்கெட் ஆடி, ஸ்டம்ப் எகிறி வந்து என் முன்பல் ஒன்று பாதிக்கு உடைந்தது. சிதம்பரம் தெற்கு வீதிப் பக்கம் ஒரு சந்தில் இருந்த டாக்டரம்மாதான் அந்தப் பாதியைப் பல் நிறத்திலேயே ஏதோ வைத்துக் கட்டிக் கொடுத்தார். கல்லூரியில் சேர்ந்த பிறகு, கோணிக்கொண்டிருந்த மற்ற பற்களையும் நேராக்கலாமென்று அவரே கம்பி போட்டார். ஒவ்வொரு பல்லிலும் பொட்டுபோல ஒரு க்ளிப் ஒட்டி, அவற்றுக்குள் கம்பியை ஓட்டிவிடுவது. போகிற ஒவ்வொரு தடவையும் அந்த முன்பல்லைத் தட்டிக் காட்டி, “இது நான் கட்டின பல்லு. இதுல வேற யாரும் கை வெக்கக் கூடாது” என்று எச்சரிப்பார். கடைசியாகப் போனபோது, பல் நன்றாக வந்துவிட்டது, ஈஸ்டர் முடிந்து வந்தால் கழற்றிவிடலாம் என்று சொல்லியிருந்தார். ஒரு மாதம் முந்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

குருத்து ஞாயிறு மாலை, முதல்முறையாக எல்லா லைட்டையும் போட்டு ஒத்திகை. பிடிபடுவதற்கு முன் இயேசு கதறி ஜெபிக்கும் ஜெத்சமெனித் தோட்டத்துக் காட்சி. மேடை முழுக்க இருட்டு, இயேசுவின் முகத்தில் மட்டும் கீழேயிருந்து ஒரு வெளிச்சம் விழும்படி சித்தப்பா பார்த்துப் பார்த்து வைத்திருந்தார். நான் மண்டியிட்டு, முகத்தை வானத்துக்குத் தூக்கி, கதறுவதற்காக வாயைத் திறந்தேன். மேல்வரிசை முழுக்க ஜெகஜ்ஜோதி! சம்மனசு வேடம், அதாவது தேவதூதர் வேடம் போட்ட பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. பிலாத்து வேடம் போடுகிறவர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். அவர் மெதுவாகப் பேசினாலே வெளி ரோட்டில் கேட்கும். “ஆண்டவரே, உங்க சித்தப்பா உங்க வாயிலயும் ஒயரிங் பண்ணிட்டாரா?” என்றார். மன்றமே அதிர்ந்தது. சித்தப்பா சிரிக்கவில்லை. லைட்டை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து, ஏதோ நான்தான் வேண்டுமென்று வாய்க்குள் ஒளித்துவைத்திருந்ததுபோல முறைத்தார். “அந்தக் காலத்துல ஏதுடா கம்பி?” என்றார்.

அன்றைக்கே பரிகாரங்கள் ஆரம்பித்தன. உதட்டைத் திறக்காமல் பேசிப் பார்த்தேன். இயேசு யார்மீதோ கோபமாக இருப்பதுபோல் இருந்தது. பிறகு கோயில் மெழுகுவர்த்தியை உருக்கிப் பற்கள்மேல் பூசினார்கள். பார்க்கக் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடலூர் பங்குனி வெயிலில், தகரக் கூரைக்கு அடியில், நீள வசனம் பேசினால் மெழுகு தாங்குமா? ‘தந்தையே’ என்று சொன்னதும் ஒரு வில்லை கழன்று பக்கத்தில் நின்ற சீமோன் வேடக்காரர் தோளில் போய் விழுந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டால் உதவிக்கு இருக்கும் பெண்தான் எடுத்தாள். “மேடம் பெங்களூர் பொண்ணு வூட்டுக்குப் போயிருக்காங்க. புதன்கிழமை வந்தாலும் வருவாங்க, இல்லன்னா ஈஸ்டர் முடிஞ்சுதாங்க.” கடலூரில் பல் டாக்டர்களே இல்லையா என்று கேட்காதீர்கள். திங்கட்கிழமை காலை ஒருவரிடம் போனோம். அவர் வாயைப் பார்த்துவிட்டு, “முன்பல்லு கட்டின பல்லா இருக்கு. யார் கட்டினாங்களோ அவுங்ககிட்டயே போங்க, அதான் நல்லது” என்று யோக்கியமாகச் சொல்லி அனுப்பினார். மறுநாள் செவ்வாய்க்கிழமை பங்குச் சாமியார் முன்னிலையில் முழு ஒத்திகை. சித்தப்பாவுக்கு மண்டை காய்ந்துவிட்டது.

அப்படித்தான் திங்கட்கிழமை மத்தியானம் நான் பிலாத்துவின் நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன். நெற்றியில் டார்ச் கட்டியிருந்தார் சித்தப்பா. முன்பல்லைத் தொட வேண்டாம் என்று நான் சொன்னபோது, “அதெல்லாம் கடைசியா பாத்துக்கலாம், மொதல்ல ஓரத்துல ஒண்ணு எடுத்துப் பாப்போம்” என்றார். பேச்சில் ஒரு நிபுணரின் நிதானம். எனக்கும், உண்மையைச் சொன்னால், அவர்மேல் நம்பிக்கைதான். பிறந்ததிலிருந்து அவர் கழற்றி மாட்டாத பொருள் எதையும் நான் பார்த்ததில்லையே. இடது பக்கத்து மேல்பல் ஒன்றில் க்ளிப்பைப் பிளையரால் இறுக்கிப் பிடித்து, ஸ்க்ரூவைத் திருகுவதுபோல ஒரு முறுக்கு முறுக்கி இழுத்தார். மண்டைக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். வலி கண்ணுக்குள் ஏறியது. கம்பியின் ஒரு முனை விடுபட்டு உள்கன்னத்தில் குத்தி ரத்தம் வந்தது. நாக்கால் தடவினேன். பல்லின் முகம் சொரசொரவென்று, உடைந்த சிலேட்டு ஓரம்போல் இருந்தது.

சித்தப்பா பிளையரின் நுனியை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். க்ளிப் வந்திருந்தது. அதன் முதுகில் வெள்ளையாக, மீன் செதில் அளவுக்கு ஏதோ ஒட்டியிருந்தது. “டேய்… இது பசையாடா, பல்லாடா?” என்றார். நான் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். அவர் முகம் வெளிறிப்போனது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. உயர்ந்த கம்பத்தில் ஒற்றைக் கையால் தொங்கி வேலை செய்கிற ஆள். பிளையரைக் கீழே போட்டுவிட்டார். நல்ல பல்லுக்கே இந்தக் கதி என்றால், பாதி மட்டுமே சொந்தமான அந்த முன்பல்லில் இழுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இருவருமே ஒரே நேரத்தில் நினைத்தோம். தொங்கும் கம்பியை நறுக்கிவிடலாமா என்று அவர் ஈனக் குரலில் கேட்டார். நான் பொத்திய கையை எடுக்காமலே தலையை ஆட்டி மறுத்துவிட்டேன்.

அம்மா செய்தி கேட்டு ஓடி வந்தாள். என்னைத் திட்ட முடியாமல் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சித்தப்பாவின் தலையில் கொட்டினாள். “புள்ள வாயி என்ன ஸ்விட்ச் போர்டா? உங்க அண்ணன் போன் பண்ணா நான் என்னான்னு சொல்றது?” அவர் சம்மனசுப் பிள்ளைகளுக்காக வைத்திருந்த ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தார். பஞ்சை நனைத்துக் கம்பி முனைக்கும் கன்னத்துக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நான் அன்று ராத்திரி கஞ்சிதான் குடித்தேன். செவ்வாய்க்கிழமை ஒத்திகை நடக்கவில்லை. நேராகப் பங்குச் சாமியாரிடம் போய், “இந்த வருஷம் பாஸ்கா இல்லன்னாலும் பரவாயில்ல ஃபாதர், என் அண்ணன் புள்ளைக்குப் பல்லு முக்கியம்” என்று சித்தப்பா சொல்லிவிட்டு வந்ததாகப் பிலாத்துதான் வந்து சொன்னார். சொல்லும்போது அவர் குரல்கூடத் தணிந்திருந்தது. கடிகாரம் மின்னியதற்கே சுருண்டு படுத்த மனுஷன் நாடகத்தையே வேண்டாமென்று சொல்லுவார் என்று பங்கில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

செவ்வாய் சாயங்காலம் சிதம்பரத்திலிருந்து டாக்டரம்மாவின் உதவிப் பெண்ணே கூப்பிட்டாள். மேடம் புதன்கிழமை வந்துவிடுவார், காலையிலேயே வரச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. சித்தப்பா விடிவதற்கு முன்பே வந்து வாசலில் நின்றார். வெட்டாத முடி, தாடி, வாயில் கைக்குட்டையோடு நான். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகிறவர்போல என் கையைப் பிடித்தபடி சித்தப்பா. ஆலப்பாக்கம் தாண்டி, புதுச்சத்திரம் தாண்டி, பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் கம்பி கன்னத்தில் குத்தும், நான் முனகுவேன், அவர் டிரைவரைப் பார்த்து, “யோவ், மெதுவா போய்யா, புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல” என்று கத்துவார். பஸ்ஸில் இருந்தவர்கள் எனக்கு என்ன பெரிய வியாதியோ என்று பரிதாபமாகப் பார்த்தார்கள். பரங்கிப்பேட்டை விலக்கில் ஏறிய ஒரு அம்மா, “அல்லா கொணமாக்குவான் வாப்பா” என்று என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

டாக்டரம்மா உருவத்தில் சின்னவர், குரல் மட்டும் பெரிசு. நாற்காலியில் படுக்கவைத்து வாயைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: “யார் கை வெச்சது?” சித்தப்பா வாத்தியார் முன்னால் நிற்கிற பையனைப்போல எழுந்து நின்றார். “நான்தாங்க மேடம். கம்பிதானேன்னுட்டு…” டாக்டரம்மா விடவில்லை. “உங்க ஊர்ல ஒரு வூட்ல ஃபியூஸ் போச்சுன்னா, ஒயருதானேன்னு நான் வந்து இந்த இடுக்கிய வெச்சுப் புடுங்கட்டுமா? சும்மா இருப்பீங்களா?” சித்தப்பா பதறிப்போய், “ஐயையோ, ஷாக் அடிச்சிடுங்க மேடம்!” என்றார். வலியோடு வலியாக எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரம்மாவுக்கும் வந்திருக்க வேண்டும். முகமூடி போட்டிருந்ததால் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் குரல் தணிந்தது. உடைந்த இடத்தில் காற்றை ஊதிப் பார்த்துவிட்டு, மேலோடு மட்டும்தான் போயிருக்கிறது, உள்ளே போகவில்லை, தேய்த்துச் சரிபண்ணிவிடலாம் என்றார். சித்தப்பா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அவரையும் பக்கத்தில் வந்து பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. “முறுக்கி இழுத்தா பசை விடாது, பல்லுதான் விடும். க்ளிப்ப ரெண்டு பக்கமும் அமுக்கணும். அது தானா மடங்கிப் பசைய விட்டுட்டு வரும். இழுக்கற வேலையே கெடையாது.” அவர் கையில் இருந்ததும் பார்வைக்கு ஒரு பிளையர்தான். ஆனால் அதன் வாய் வேறு மாதிரி, க்ளிப்பைக் கவ்வுவதற்கென்றே செய்தது. குத்திக்கொண்டிருந்த முனையை முதலில் நறுக்கினார். ஒரே நொடியில் கன்னம் நிம்மதியானது. பிறகு வலது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக, பல்லை ஒரு விரலால் தாங்கிக்கொண்டு, க்ளிப்பை அமுக்கி அமுக்கி எடுத்தார். கொஞ்சம் அழுத்தம் தெரியும், சின்னதாக ஒரு ‘டிக்’, அவ்வளவுதான். தட்டில் விழும் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்தேன்.

கட்டின முன்பல்லை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். அந்த இடத்துக்கு வந்ததும் விளக்கை இன்னும் தாழ்த்திக்கொண்டார். “இதுல பசையும் நான் வெச்சதுதான், பல்லும் நான் வெச்சதுதான். எது எதோட வரும்னு பிளையருக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு, உடனே பிளையரை எடுக்காமல், க்ளிப்பின் ஓரத்தைச் சுற்றியிருந்த பசையை மெல்லிய முனை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் குறைத்தார். தண்ணீர் தெறித்தது, தூள் வாசம் அடித்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா, அம்மா, ஆண்டவர் என்று எல்லோரையும் கூப்பிட்டுவிட்டேன். அப்போதுதான் என் கால் கட்டைவிரலை யாரோ இறுகப் பிடித்திருப்பது தெரிந்தது. சித்தப்பா. கண்ணை மூடிக்கொண்டு உதட்டால் மட்டும் ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். பிடித்திருப்பது என் விரல் என்பதே அவருக்கு நினைவில்லை போல, அவ்வளவு அழுத்தம். டாக்டரம்மா மேலே அமுக்கினார், அவர் கீழே அமுக்கினார். ‘டிக்.’ தட்டில் கடைசிச் சத்தம் கேட்டது.

“நாக்கால தடவிப் பாரு” என்றார் டாக்டரம்மா. தடவினேன். என் முன்பல் முழுசாக இருந்தது. பசைத் துணுக்குகளையெல்லாம் தேய்த்து, உடைந்த ஓரத்தையும் இழைத்து, கடைசியில் புதினா மணக்கிற பசையால் மெருகேற்றினார். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி நாக்கை ஓடவிட்டேன். கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டு மாதிரி வழவழவென்று, ஒரு தடங்கல் இல்லாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை போய் வந்தது. என்ன ஒரு சுகம்! ஒன்றரை வருடமாக வாய்க்குள் ஒரு வேலி இருந்தது, இப்போது இல்லை. டாக்டரம்மா கைக்கண்ணாடியை நீட்டினார். அதை நான் வாங்குமுன் சித்தப்பா வாங்கி, ஏதோ ஞாபகத்தில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் என்னிடம் கொடுத்தார்.

கழற்றியதோடு முடியவில்லை. பற்கள் பழைய இடத்துக்கே நகரப் பார்க்கும், அதனால் கண்ணாடிபோல மெல்லிய ஒரு உறையைப் பற்கள்மேல் மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். அளவெடுத்து, சாயங்காலம்வரை எங்களை உட்காரவைத்து, செய்து கொடுத்தார். “சாப்பிடும்போது தவிர கழட்டவே கூடாது. இது ரொம்ப முக்கியம்.” சித்தப்பா மென்று விழுங்கி, வேண்டாமென்று சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்த வெள்ளிக்கிழமை பாஸ்காவை இனிப் போடலாமா என்று ஆரம்பித்து, லைட்டு, ஜெத்சமெனி, மெழுகு எல்லாவற்றையும் சொன்னார். அந்த உறையும் லைட்டில் மின்னுமே என்பது அவர் கவலை. டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். “சரி, வசனம் பேசற நேரம் மட்டும் கழட்டிக்கட்டும். வசனம் முடிஞ்ச அடுத்த நிமிஷம் போட்டாகணும். நீங்கதான் பொறுப்பு.” சித்தப்பா அந்தச் சின்ன டப்பாவை நற்கருணைப் பாத்திரத்தை வாங்குகிற பக்தியோடு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்தார். புதுச்சத்திரம் வந்தபோது, “உன் வாய ஒடச்சிட்டேன்னே நெனச்சேன்டா. அண்ணன் மொகத்துல எப்புடி முழிப்பேன்னு ரெண்டு நாளா சோறு எறங்கல” என்றார். நான் அவரைப் பார்த்து ஈயென்று இளித்துக் காட்டினேன். “போதும், மூடு, காத்து படப்போவுது” என்றார். கடலூர் வந்து இறங்கும்போது இருவரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

இன்று நான் கடலூர் செம்மண்டலத்தில் குடும்பத்தோடு இருக்கிறேன். டாக்டரம்மா கட்டிய முன்பல் இன்னும் அப்படியே இருக்கிறது. கடலை மிட்டாய் கடிக்கிறேன். தெருவுக்கு இரண்டு பிள்ளைகள் வாயில் கம்பியோடு திரிகிற காலம் இது. வீட்டிலேயே கழற்றுவது எப்படி என்று போனில் வீடியோகூட வருகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் இடது பக்கத்துப் பல் கூசுகிறது. சித்தப்பாவுக்கு வயதாகிவிட்டது, பாஸ்காவை இளைஞர்களிடம் விட்டுவிட்டார். ஒயரிங் வேலைக்குப் போன வீட்டில் கம்பி போட்ட பிள்ளையைக் கண்டால் மட்டும் வேலையை நிறுத்திவிட்டு, “போட்டவங்க கிட்டதான் கழட்டணும், தெரியுதா?” என்று மிரட்டிவிட்டுத்தான் ஏணியில் ஏறுகிறாராம்.

ஆனால் அந்தப் பெரிய வெள்ளிக்கிழமையைச் சொல்லாமல் விட்டால் சித்தப்பாவைச் சொன்னதாகாது. வெயில் தாழ்ந்து மன்றத்து மைதானம் நிரம்பி வழிந்தது. ஜெத்சமெனியில் வாயைத் திறந்து கதறினேன், ஒருவரும் சிரிக்கவில்லை. பிலாத்து என்னைச் சாவுக்குக் கையளித்தார், சிலுவையைச் சுமந்தேன், விழுந்தேன், தொங்கினேன், கடைசி வசனத்தைச் சொல்லித் தலையைத் தொங்கவிட்டேன். முன்வரிசையில் அம்மா விம்முவது சிலுவைவரை கேட்டது. உடலை இறக்கி அடக்கம் செய்கிற யோசேப்பு வேடம் எப்போதும் சித்தப்பாவுக்குத்தான். ஏணியில் ஏறி, வெள்ளைத் துணியால் என்னைச் சுற்றி இறக்கி, மாதாவின் மடியில் கிடத்தினார். பிறகு ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்தார். அழுது புரள்கிறவர்போல என் முகத்தின்மேல் கவிழ்ந்து, தன் சால்வையால் இரண்டு பேர் தலையையும் மூடிக்கொண்டார்.

“டேய், வசனம் முடிஞ்சிடுச்சில்ல? டாக்டரம்மா என்ன சொன்னாங்க? இந்தா, போட்டுக்க.”

நான் செத்துக் கிடந்தேன். மைதானமே பார்த்துக்கொண்டிருந்தது. அசையாமல் இருந்தேன். அவர் விரல் என் உதட்டைத் தட்டியது. “சீக்கிரம்டா, பயமா இருக்குடா எனக்கு.” வேறு வழியில்லாமல் இறந்த ஆண்டவர் மெல்ல வாயைத் திறந்தார். சித்தப்பா உறையை உள்ளே வைத்து, டாக்டரம்மா காட்டிக்கொடுத்தபடி இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினார். அப்புறமும் கையை எடுக்கவில்லை. இருட்டில் என் பற்களை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்து, முன்பல்லில் நிறுத்தினார். “ஒண்ணும் ஆவல. எல்லாம் பத்திரமா இருக்குடா” என்றார். சொல்லிவிட்டு, சால்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும்படி ஓவென்று அழுதார்.